விடியற்காலையில் குட்டி யானை கிளம்பாவிட்டால்

தம்பி, பழைய டாடா ஏஸ், அதாவது குட்டி யானை, வாங்கிப் பூ லோடு அடிக்கப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். சந்தோஷம். ஆனால் பூவும் காய்கறியும் விடியலுக்கு முன்பே கை மாறிவிடும் சரக்கு. நாலரை மணிக்கு வண்டி எடுக்கவில்லை என்றால் அன்றைய வாடகை போயிற்று. திருவண்ணாமலையில் பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் போலீஸ் தடுப்பு போட்டுவிட்டால் மலையைச் சுற்றி ஒரு பக்கமும் நுழைய முடியாது. அதனால்தான் வாங்குவதற்கு முன்பே இதை எழுதுகிறேன்.

‘குளிருங்க, அதான் எடுக்கலை’ என்று விற்கிறவர் சொல்வார். நம்பாதே. நம் ஊரில் மார்கழி விடியற்காலையிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். டீசல் உறைகிற குளிர் லடாக்கில். அதற்காகவே இந்தியன் ஆயில் 2019-ல் மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் டீசலை அங்கே கொண்டுபோனது. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரில் ராத்திரி வண்டியைப் போட்டால்கூட நல்ல டீசல் இன்ஜின் எடுத்தே ஆகவேண்டும். எடுக்கவில்லை என்றால் உள்ளே ஏற்கெனவே ஒரு கோளாறு இருக்கிறது. குளிர் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டி மாதிரி ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நெருக்கி அமுக்கும்போது வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். 2005-ல் வந்த ஏஸின் 702 சிசி, இரண்டு சிலிண்டர் இன்ஜின், டீசலை முதலில் ஒரு சிறு அறைக்குள் பீய்ச்சும் பழைய ரகம். அந்த அறையின் சுவரே சூட்டை நிறையக் குடித்துவிடும். அதனால்தான் ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் சுருள் மாதிரி ஒரு விளக்கு எரியும். அது அணைந்த பிறகுதான் செல்ப் அடிக்க வேண்டும். அவசரத்தில் அதற்கு முன்பே அடிப்பதுதான் பாதிப் பிரச்சினை.

அப்படியும் எடுக்கவில்லையா? மறுபடி மறுபடி அடிக்காதே. ஒரு முறை பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு நிமிடம் செல்ப் மோட்டார் ஆறட்டும். அடுத்த முறை அடிக்கும்போது ஒரு ஆளை டார்ச்சோடு சைலன்சர் பக்கம் நிற்க வை. புகை வருகிறதா, என்ன நிறம் என்று பார்க்கச் சொல். மெக்கானிக் வந்ததும் முதலில் கேட்பது அதைத்தான்.

வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. முதல் சந்தேகம் ஹீட்டர் பிளக் மேல்தான். எலக்ட்ரிக் கடையில் 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப் கிடைக்கும், வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள். சாவியை ஆன் செய்து பிளக்குகளை இணைக்கும் பட்டையில் லேம்பின் முனையைத் தொடு, மறுமுனை பாடியில். எரியவில்லை என்றால் கரண்டே வரவில்லை: ரிலே அல்லது பியூஸ். எரிந்தால் சாவியை அணைத்துவிட்டுப் பட்டையைக் கழற்று. இப்போது லேம்பின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, மறு முனையால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொடு. எந்தப் பிளக்கில் எரியவில்லையோ அது செத்துவிட்டது. இரண்டே சிலிண்டர் வண்டியில் ஒரு பிளக் போனால் பாதி இன்ஜின் போன மாதிரி. எடுத்ததும் உடம்பெல்லாம் உதறி வெள்ளையாகப் புகையும், கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகும். ‘சூடானா சரியாயிடுது’ என்று விட்டுவிடுவார்கள். மாற்றும்போது இரண்டையும் சேர்த்து மாற்று.

புகையே வராவிட்டால் டீசல் போய்ச் சேரவில்லை. சாவி ஆன் செய்ததும் டீசல் பம்ப் பக்கம் ‘டக்’ என்று சோலினாய்டு சத்தம் கேட்கிறதா பார். சத்தம் வந்தும் எடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் ஏர் எடுக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கும், கிளாம்ப் தளர்ந்திருக்கும், செப்பு வாஷர் தேய்ந்திருக்கும். ராத்திரி முழுக்க அந்த வழியே காற்று நுழைந்து, டீசல் டேங்குக்கே திரும்பிவிடும். டீசல் ஒழுகவில்லையே என்று ஏமாறாதே. உறிஞ்சும் பக்கத்துக் குழாய் ஒழுகாமலேயே காற்றை இழுக்கும். பில்டருக்கு அப்பால் கொஞ்ச நீளத்துக்கு டீசல் தாங்கும் கண்ணாடி ஹோஸைப் போட்டுப் பார், குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். பில்டரில் ஹேண்ட் பம்ப் இருந்தால் கெட்டியாகும்வரை அழுத்து. உடனே வண்டி எடுத்தால் சந்தேகமே வேண்டாம், ஏர்தான். மழைக்காலத்தில் பில்டர் அடியில் தேங்கும் தண்ணீரையும் அடிக்கடி வடித்துவிடு.

இதைப் பழைய பம்ப் வண்டிக்கு மட்டும் சொல்கிறேன். புது ரக காமன் ரெயில் வண்டியில் நாசில் பைப்பைத் தளர்த்தி ஏரை வெளியேற்றவே கூடாது. 1,000 பாருக்கு மேல் அழுத்தம்; தோலைத் துளைத்து டீசல் உடம்புக்குள் போய்விடும்.

செல்ப் மெதுவாகச் சுற்றினால் பேட்டரி. ராத்திரி நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். டெர்மினலில் பூத்த பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவு. இன்ஜினிலிருந்து சேஸிக்குப் போகும் எர்த் ஒயரையும் கழற்றிச் சுரண்டி மாட்டு. புது பேட்டரி வாங்கியும் தீராத பல கேஸ்கள் அந்த ஒயரில்தான் தீரும்.

எல்லாம் சரியாக இருந்தும் காலையில் மட்டும் முரண்டு பிடிக்கிறதா? ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பார். அங்கிருந்து குபுகுபுவென்று புகை தள்ளினால் ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் போய்விட்டது. அந்த வண்டியை இன்ஜின் வேலைக்கான செலவைக் கழித்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும். அதனால் வண்டி பார்க்கப் போகும்போது மதியம் போகாதே. விடியற்காலை, இன்ஜினைத் தொட்டால் சில்லென்று இருக்கும் நேரத்தில் போ. முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் திரும்பி வந்துவிடு.

கடைசியாக ஒன்று. காற்று உள்ளே போகும் வாயில் எரிகிற துணியைப் பிடிப்பார்கள், ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பார்கள். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் அந்த ஸ்பிரே நேரம் தவறி வெடித்து பிஸ்டனையே உடைக்கும். துணியோ முகத்தைச் சுடும். எந்த அனுபவஸ்தன் சொன்னாலும் சரி, உன் வண்டியில் இந்த இரண்டையும் செய்ய விடாதே.