ஆறாக நகரும் பனி

பனி என்றதும் நாஞ்சில் நாட்டுப் பெண்களாகிய எங்களுக்கு நினைவு வருவது, மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளிதான். ஆகவே புவியியல் வகுப்பில் சிஸ்டர் கரும்பலகையில் 'பனியாறு' என்று எழுதியபோது, பனி எங்ஙனம் ஆறாக ஓடும் என்று எங்களில் பலர் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்புக்குக் கிடைத்த தண்டனையே இக்கட்டுரை எனலாம்!

இமயத்தின் உச்சிகளில் விழும் பனி கோடையிலும் முழுவதும் உருகுவதில்லை. ஆண்டுதோறும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகிறது. புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றே. மேலுள்ள எடை அழுத்த அழுத்தக் காற்று வெளியேறுகிறது. பூப்போன்ற துகள்கள் முதலில் சர்க்கரை மணிகள் போலாகி, பல ஆண்டுகளில் நீலம் பாய்ந்த பனிக்கட்டியாக இறுகுகின்றன. குளச்சலிலிருந்து வரும் எங்கள் தோழியர் இதனை எளிதில் புரிந்துகொண்டனர். மீன்பெட்டியில் நொறுக்கிப் போட்ட ஐஸ், மறுநாள் ஒரே பாளமாக ஒட்டிக் கிடப்பதை அவர்கள் கண்டிருக்கிறார்களே!

கட்டி போதிய கனம் அடைந்ததும், தன் எடையாலேயே மெல்ல உருமாறிச் சரிவில் இறங்குகிறது. அடியில் உருகிய நீரின்மேல் வழுக்கியும் செல்கிறது. 1840-களில் லூயி அகாசி என்ற சுவிட்சர்லாந்து அறிஞர், ஆல்ப்ஸ் மலையில் ஒரு பனியாற்றின் குறுக்கே நேர்க்கோட்டில் கம்புகளை நட்டார். நாளடைவில் அக்கோடு வில்லாக வளைந்தது. ஓரங்களைவிட நடுப்பகுதி விரைவாக நகர்ந்திருந்தது. நம் பழையாற்றிலும் நடுவில்தானே இழுப்பு அதிகம்!

பனியின் அடியில் பதிந்த கற்கள் உப்புத்தாள் போலப் பாறையைத் தேய்க்கின்றன. மலையாற்று நீர் ஆங்கில 'வி' எழுத்தைப் போல ஒடுங்கிய பள்ளத்தாக்கை வெட்டும். பனியாறோ 'யு' எழுத்தைப் போல அகன்ற பள்ளத்தாக்கைக் குடையும். சுமந்து வந்த கற்களை இரு ஓரங்களிலும் வரப்பு போலக் குவித்துவைக்கும்.

நம் நாட்டின் கங்கோத்திரிப் பனியாறு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ளது. நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் வரை பனிக்கட்டியே கிடப்பதாக எண்ணிப் பாருங்கள்! அது முடியும் இடமே கோமுகம். அங்கே பிறக்கும் பாகீரதி, தேவப்பிரயாகையில் அலக்நந்தாவுடன் கூடிக் கங்கை எனப் பெயர் பெறுகிறது. கங்கைக்குப் பெரும்பங்கு நீர் தருவது மழையே. ஆயினும் மழைக்கு முந்திய வெயில் மாதங்களில் மலைப்பகுதி ஊர்களுக்குப் பனி உருகிய நீர் பெரிதும் உதவுகிறது. கன்னிப்பூ நடவுக்குப் பேச்சிப்பாறை அணை திறப்பதை நம் உழவர் எதிர்பார்ப்பது போலத்தான்.

1935-ஆம் ஆண்டு இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் ஆடன் என்பவர் கோமுகம் இருந்த இடத்தை அளந்து குறித்தார். அதன்பின் அது ஒரு கிலோமீட்டருக்கும் மேலாகப் பின்வாங்கிவிட்டது. பனி மேல்நோக்கி ஏறுமா என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். ஏறாது. அது இன்றும் கீழ்நோக்கியே நகர்கிறது. ஆனால் உலகம் வெப்பமடைவதால், வந்து சேர்வதைவிட உருகுவது மிகுதி.

பேச்சிப்பாறை அணை ஓராண்டு வற்றினாலும் அடுத்த ஆண்டு மழையில் நிரம்பிவிடும். கங்கோத்திரியின் மேல்முனையில் இன்று விழும் பனியோ, கோமுகம் வந்து சேரப் பல நூறு ஆண்டுகள் ஆகும்.