ஈஸ்ட்டா, வெஸ்ட்டா?

தில்லை நகர், திருச்சி

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ ஆங்கிலம் நடத்தும் பத்தாம் வகுப்பில் 42 பிள்ளைகள், கேள்வி என்று வாயைத் திறந்தாலே அத்தனை தலையும் புத்தகத்துக்குள் போய்விடுகிறது, முன்பெஞ்சில் இரண்டு பேர் மட்டும் கை தூக்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். ‘இவங்களுக்கு பேஸிக்கே இல்ல மிஸ்’ என்று முடித்திருக்கிறாய். நீயும் என் வகுப்பில் அப்படிக் குனிந்து உட்கார்ந்திருந்தவன்தான். உன்னைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் இதே வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, “மிஸ், ஐ ஆம் ஹாவிங் எ டவுட்” என்றான். அந்த வருஷம் அவன் வகுப்பில் பேசிய முதல் வாக்கியம் அது. நான் உடனே, “ஐ ஹாவ் எ டவுட்” என்று திருத்தினேன். வகுப்பு சிரித்தது. அவன் திருத்தியபடி ஒருமுறை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அவனுடைய டவுட் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஓய்வு பெற்றுப் பல வருஷமாகியும் இது உறுத்துகிறது.

பிள்ளைகள் பேசாததற்கு நாம் கேட்கிற கேள்விகளும் ஒரு காரணம். ‘ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்’ பாடத்தை நடத்திவிட்டு, கடற்பறவைக் குஞ்சு ஏன் பறக்கப் பயந்தது என்று கேட்கிறாய். பதில் உனக்குத் தெரியும். கைடிலும் இருக்கிறது. உனக்குத் தெரியும் என்பது வகுப்புக்கே தெரியும். பிறகு எதற்கு ஒருவன் எழுந்து சொல்ல வேண்டும்? சரியாகச் சொன்னால் ஒன்றும் ஆகப்போவதில்லை, தப்பாகச் சொன்னால் மானம் போகும். இந்தக் கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைகளை பேஸிக் இல்லாதவர்கள் என்கிறோம்.

உனக்கே பதில் தெரியாத கேள்வியைக் கேட்டுப் பார். அதே புத்தகத்தில் ஜேம்ஸ் தர்பர் எழுதிய பேய்க் கதை இருக்கிறதே, ராத்திரி வீட்டுக்குள் காலடிச் சத்தம் கேட்டு, அம்மா பக்கத்து வீட்டு ஜன்னல் மேல் ஷூவை வீசுவாளே, அது. உங்கள் வீடாக இருந்தால் உங்கள் அம்மா எதை எடுத்து வீசுவாள் என்று கேள். நான் கேட்ட வருஷம் செருப்பு, சொம்பு, துடைப்பம் என்று வந்து விழுந்தது. “மை மதர் த்ரோ சப்பாத்திக் கட்டை மிஸ்” என்றாள் ஒருத்தி. நான் திருத்தவில்லை. “ஓ, ஷி வில் த்ரோ த ரோலிங் பின்? அட் ஹூம்?” என்று பதிலுக்கு ஒரு கேள்வி போட்டேன். “ஷி வில் த்ரோ அட் மை ஃபாதர்” என்றாள். ‘வில்’ தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. எப்போதும் இப்படி நடக்காது, பத்துக்கு நாலு தடவை நடந்தால் லாபம்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உள்ளிட்ட ஊர்களில் சில சாதாரணப் பள்ளிகளில் ஒரு பரிசோதனை செய்தார். இலக்கண விதிகளை வரிசையாக நடத்தாமல், ரயில் நேர அட்டவணை, ஊர் வரைபடம் மாதிரி எதையாவது கொடுத்து ஒரு புதிரை விடுவிக்கச் சொன்னார். புத்தி விடையைத் தேடி ஓடும், மொழி அதன் பின்னால் வரும் என்பது அவர் கட்சி. உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் இன்றும் பேசப்படும் பெங்களூர் திட்டம் இதுதான். 1987இல் புத்தகமாகவும் எழுதினார், தேடிப் படி. குழுவாக வேலை செய்ய விடுவது மட்டும் அவருக்குப் பிடிக்காது. ஒருவர் தப்பை இன்னொருவர் கற்றுக்கொள்வார் என்பார். இந்த இடத்தில் நான் அவரோடு ஒத்துப்போக மாட்டேன். 42 பேர் முன்னால் பேச நடுங்குகிறவன் பக்கத்தில் இருப்பவனிடம் பேசுவான். இரண்டிரண்டு பேராக விடு.

பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு 100 மதிப்பெண், அத்தனையும் எழுத்தில்தான், பேசுவதற்கு ஒன்றும் கிடையாது என்று உன் ஹெச்.எம். சொல்வார். சரிதான். ஆனால் அதே வினாத்தாளில் வழி காட்டும் வரைபடக் கேள்வி 2 மதிப்பெண்ணுக்கு வருகிறது. பிள்ளைகள் ‘கோ ஸ்ட்ரெயிட், டேக் த செகண்ட் லெஃப்ட்’ என்று படத்தைப் பார்க்காமலே மனப்பாடமாக எழுதுகிறார்கள். அதை வகுப்புக்குள் கொண்டு வா. கற்பனை ஊர் வேண்டாம், நம் தில்லை நகரே போதும். மெயின் ரோட்டைச் செங்குத்தாகப் போடு, குறுக்கே இரண்டு பக்கமும் நீளும்படி கிராஸ் தெருக்களைப் போட்டு நம்பர் கொடு. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் டாக்டர் வீட்டைக் குறி, மற்றொன்றில் குறிக்காதே. ஒருத்தி நோயாளி, போனில் கேட்கிறாள். மற்றவள் டாக்டர் வீட்டு ஆள், வழி சொல்கிறாள். படத்தைக் காட்டக் கூடாது.

நான் செய்தபோது ஒரு ஜோடி ஏழாவது கிராஸ் வரை அழகாகப் போய்விட்டு நின்றுவிட்டது. ‘செவன்த் கிராஸ்’ என்று சொன்னவளுக்கு வேலை முடிந்தது. கேட்டவள் விரலை மெயின் ரோட்டிலேயே வைத்துக்கொண்டு, “ஈஸ்ட்டா, வெஸ்ட்டா? டெல் நோ!” என்று கத்தினாள். நம் ஊர் ஆட்டோக்காரர்கள் தினமும் கேட்கிற கேள்வி. பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார். எட்டிப் பார்க்கட்டும்.

இன்னும் ஒன்று. கேட்டுவிட்டுக் காத்திரு. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டு ஏறக்குறைய ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள். மூன்று விநாடி பொறுத்தால் பதில் நீள்கிறது, வாய் திறக்காதவர்களும் திறக்கிறார்கள். சொந்த மொழியில் பேசும் அந்தப் பிள்ளைகளுக்கே மூன்று என்றால், தமிழில் யோசித்து இங்கிலீஷில் கட்டிக்கொண்டு வரும் நம் பிள்ளைக்கு எவ்வளவு வேண்டும்? மனசுக்குள் பத்து வரை எண்ணு. அந்த அமைதி உன்னைத்தான் அதிகம் வதைக்கும், பொறுத்துக்கொள். முன்பெஞ்சு இரண்டு கைகளையும் அதுவரை இறக்கச் சொல். முதலில் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டுமென்றால் சொல்லட்டும். தமிழ் பேசினால் அபராதம் போடும் பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே பிள்ளைகள் இரண்டு மொழியிலும் பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் ‘த லாஸ்ட் லெஸன்’ நடத்துவாய். பையன் ஃபிரான்ஸ் எழுந்து நின்று ஒப்பிக்கத் தெரியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடம் வரும். வாத்தியார் ஹாமெல் திட்டமாட்டார். அந்தப் பத்தியைக் கொஞ்சம் மெதுவாக வாசி.

அரைப்பரீட்சை முடிந்ததும் வீட்டுக்கு வா. வீடு மாறிவிட்டேன், பழைய இடம் இல்லை. வழியை உனக்கு எழுதப்போவதில்லை. உன் கடைசி பெஞ்சில் ஒருவனை எனக்குப் போன் பண்ணச் சொல். அவனிடம் இங்கிலீஷில் சொல்கிறேன், அவன் கேட்டு உனக்குச் சொல்லட்டும். ஈஸ்ட்டா, வெஸ்ட்டா என்று கேட்காமல் போனை வைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லி வை.

அன்புடன்,
உன் மிஸ்