குடிநீரும் கழிவுநீரும்: வட்டார வாரியம் அமைக்கும் முறை

குடிநீர் வழங்குதலும் கழிவுநீர் அகற்றுதலும் இருவேறு பணிகள் என்று பொதுவாகக் கருதப்படுகின்றன. உண்மையில் அவை ஒரே நீரோட்டத்தின் இரு பகுதிகளாகும். வீட்டுக்குள் குழாய் வழியே வரும் நீரில் பெரும்பகுதி சாக்கடை வழியே வெளியேறுகிறது. அது மீண்டும் ஓர் ஆற்றையோ ஏரியையோ அடைகிறது. அங்கிருந்து மற்றோர் ஊர் தன் குடிநீரை எடுக்கின்றது.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளொன்றுக்கு நாள்தோறும் 135 லிட்டர் நீர் தேவை என்பது பொறியியலார் கைக்கொள்ளும் அளவு. வழங்கும் நீரில் 100க்கு 80 பங்கு கழிவுநீராகத் திரும்பும் என்பதும் அவர்கள் கொள்ளும் கணக்கே. ஆகவே 1,00,000 மக்கள் வாழும் நகருக்கு நாளொன்றுக்கு 1,35,00,000 லிட்டர் நீர் வேண்டும். அங்கிருந்து 1,08,00,000 லிட்டர் கழிவுநீர் வெளியேறும். புதிய குடிநீர்த் திட்டம் ஒன்றை நிறைவேற்றும்பொழுதே, அந்த நகரம் புதிய கழிவுநீரையும் உண்டாக்குகிறது என்பது இதனால் பெறப்படும்.

வட்டார அமைப்பு ஏன் தேவை?

ஆற்றங்கரையில் அடுத்தடுத்து இரண்டு நகரங்கள் உள்ளன என்று கொள்வோம். மேலே உள்ள நகரம் தன் கழிவுநீரைச் சுத்திகரித்தால் செலவு அதனுடையது. பயனோ கீழே உள்ள நகரத்தைச் சேரும். ஆகையால் மேலூர் நகராட்சி தன் வரிப்பணத்தை அப்பணிக்குச் செலவிடத் தயங்குவது இயல்பு. நகராட்சிகளின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி இச்சிக்கலைத் தீர்க்க இயலாது. செலவும் பயனும் ஒரே கணக்கில் வரவேண்டுமானால், இரு நகரங்களையும் உள்ளடக்கிய பொறுப்பு ஒன்று வேண்டும். அதுவே வட்டார வாரியம்.

டில்லி தரும் படிப்பினை

1955ஆம் ஆண்டில் டில்லிக்குக் கூட்டு நீர், கழிவுநீர் வாரியம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. யமுனையிலிருந்து வஸீராபாத் நிலையத்தில் குடிநீர் எடுக்கப்பட்டது. நகரின் கழிவைச் சுமந்துவரும் நஜஃப்கர் வடிகால் அதற்குக் கீழ்ப்புறத்தில் ஆற்றில் கலந்தது. அவ்வாண்டு வெள்ளத்துக்குப் பின் ஆற்றின் போக்கு மாறியது, நீரோட்டமும் குறைந்தது. நவம்பர் மாதத்தில் வடிகாலின் கழிவுநீர் பின்னோக்கி ஏறி, குடிநீர் எடுக்கும் இடத்தையே அடைந்தது.

நிலையத்தில் குளோரின் அளவு உயர்த்தப்பட்டது. அதன் பயனாக டைபாய்டு போன்ற நோய்கள் குறிப்பிடத்தக்க அளவில் பெருகவில்லை. ஆனால் சில வாரங்களில் மஞ்சட்காமாலை நகரெங்கும் பரவியது. 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் நோயுற்றோர் ஏறத்தாழ 29,000 பேர். கருவுற்ற பெண்களிடையே நோய் கடுமையாக இருந்தது. சேமித்து வைக்கப்பட்டிருந்த குருதி நீர் மாதிரிகளை 1980இல் ஆராய்ந்தபொழுது, அதுவரை அறியப்பட்டிருந்த காமாலை வைரஸ்கள் அதற்குக் காரணமல்ல என்று புலப்பட்டது. காரணமான வைரஸ் பின்னர் ஹெப்படைட்டிஸ்-ஈ எனப் பெயர் பெற்றது.

இந்நிகழ்ச்சி உணர்த்தும் உண்மை இரண்டு. கலங்கிய நீரில் மிகுதியாகக் குளோரின் இடுவது, தூய நீர்மூலத்துக்கு ஈடாகாது. நீருக்கும் கழிவுநீருக்கும் ஒரே பெயரில் வாரியம் அமைத்துவிட்டால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. ஆறு, வடிகால், நீரெடுக்கும் நிலையம் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கண்காணித்து, வேண்டியதை உடனே செய்யும் அதிகாரமும் வேண்டும்.

1958இல் டில்லி மாநகராட்சி அமைந்தபொழுது இப்பணிகள் அதன்கீழ் வந்தன. 1998இல் தனிச் சட்டத்தின் வாயிலாக டில்லி ஜல வாரியம் தோன்றியது. எனினும் புது டில்லி நகராட்சி மன்றமும் கண்டோன்மென்டும் வாரியத்திடம் மொத்தமாக நீர் பெற்றுத் தாமே விநியோகிக்கின்றன. நஜஃப்கர் வடிகாலின் பராமரிப்பு பாசன, வெள்ளத் தடுப்புத் துறையிடம் உள்ளது. யமுனையின் மேற்பகுதியோ பிற மாநிலங்களுக்குரியது. அங்கிருந்து வரும் நீரில் அம்மோனியா மிகும்பொழுது டில்லியின் சுத்திகரிப்பு நிலையங்கள் உற்பத்தியைக் குறைக்க நேரிடுகிறது. யமுனை நீரைப் பகிர்ந்துகொள்ள ஐந்து மாநிலங்கள் 1994இல் உடன்பாடு செய்துகொண்டமை, நகர எல்லையோடு பொறுப்பு முடிவதில்லை என்பதற்குச் சான்றாகும்.

வாரியத்தை அமைக்கும் படிகள்

முதலாவது, எல்லை. நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே சென்று சேர்கிறது என்பதைக் கொண்டே எல்லை வகுக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, சட்டம். நம் அரசியலமைப்பில் நீர் வழங்கலும் பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியலைச் சார்ந்தவை. ஆகையால் மாநிலச் சட்டமன்றமே வாரியத்தை உருவாக்குகிறது. பெங்களூருக்கு 1964இலும், கல்கத்தாவுக்கு 1966இலும், சென்னைக்கு 1978இலும் இத்தகைய சட்டங்கள் இயற்றப்பட்டன.

மூன்றாவது, உடைமை மாற்றம். நகராட்சிகளிடமுள்ள குழாய்கள், நீரேற்று நிலையங்கள், கடன்கள், ஊழியர்கள் ஆகியவை வாரியத்துக்கு மாறவேண்டும். பூமிக்கடியில் உள்ள குழாய்களின் வரைபடம் சரிவர இல்லையெனில் இப்படியே மிகக் கடினமானதாகும்.

நான்காவது, நிதி. நீர்க்கட்டணமும் கழிவுநீர்க் கட்டணமும் தனிக் கணக்கில் சேர வேண்டும். அப்பணம் வேறு செலவுகளுக்குத் திருப்பப்படுமானால் பழுதுபார்க்கும் பணியே முதலில் நிற்கும்.

ஐந்தாவது, மக்கள் பிரதிநிதித்துவம். 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம், குடிநீரையும் துப்புரவையும் நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளுள் சேர்த்தது. எனவே வாரியம் நகராட்சிகளை ஒதுக்கிவிட்டு இயங்குவது முறையன்று. உறுப்பு நகராட்சிகளுக்கு வாரியத்தில் இடமும், சிறிய ஊர்களின் குரல் பெரிய நகரத்தின் குரலில் அமிழ்ந்துவிடாத பாதுகாப்பும் தேவை.

களப் பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

வாரியம் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் களப் பணியாளர் மூன்றைக் கவனித்தல் வேண்டும். குடிநீர்க் குழாயும் சாக்கடையும் எங்கே அருகருகே செல்கின்றன அல்லது ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன என்பது ஒன்று. கடைசி வீட்டுக் குழாயில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாது உள்ளதா என்பது இரண்டு. வைரஸ் நோய் பரவும் அச்சம் இருப்பின் இவ்வளவு 0.5 ஆக இருத்தல் வேண்டும். நீரெடுக்கும் இடத்துக்கு மேலும் கீழும் எவ்வடிகால்கள் ஆற்றில் கலக்கின்றன என்பது மூன்று.

ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு தங்கள் ஊருக்கு ஒரு நீர்வழிப் படம் வரையச் செய்யலாம். நீர்மூலத்திலிருந்து தொடங்கி, வீடு, சாக்கடை, வடிகால் வழியாக, அடுத்த ஊர் நீரெடுக்கும் இடம்வரை அப்படம் செல்ல வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பான அலுவலகத்தின் பெயரை அதன் அருகே எழுதச் செய்க. எந்தப் பகுதிக்கு எதிரில் எப்பெயரும் எழுத இயலவில்லையோ, அவ்விடத்திலேயே அவ்வூரின் நலத்துக்கு அபாயம் உள்ளது.