27 படங்கள்: எளிய கருவியும் கூர்ந்த பார்வையும்

சென்ற ஆண்டு பருவ விடுமுறையில் தோழிகளோடு பினாங்கு சென்று வந்தேன். மூன்று நாட்களில் என் கைப்பேசியில் 312 படங்கள் சேர்ந்தன. தைப்பிங் திரும்பியதும் அவற்றைப் பெருமையோடு பாட்டியிடம் காட்டினேன். பாட்டி பினாங்கில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா அங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மூக்குக்கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு ஐம்பது படங்கள் வரை பொறுமையாகப் பார்த்த பாட்டி கேட்டார்:

"எல்லாத்துலயும் நீதான் இருக்கே. ஊரு எங்கம்மா?"

தமிழ்ப்பள்ளியில் நாம் எல்லாரும் 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை எழுதியிருப்போம். பேருந்து புறப்படும், இடங்களைக் கண்டு களிப்போம், இறுதியில் மகிழ்ச்சியோடு வீடு திரும்புவோம். ஊர் எதுவானாலும் கட்டுரை ஒன்றுதான். என் 312 படங்களும் அப்படித்தான் இருந்தன.

எங்கள் வீட்டில் தாத்தாவுக்கு இருப்பது ஒரே ஒரு படம். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலை சாத்தியிருக்கிறோம். ஒரு படம் இல்லாமற்போனால் என்ன இழப்போம் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும். ஆகவே அடுத்த விடுமுறையில் பாட்டியையும் அழைத்துக்கொண்டு மீண்டும் பினாங்கு சென்றேன். கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, 27 படங்கள் மட்டுமே எடுக்கக்கூடிய ஒரு முறைப் பயன்பாட்டுப் படக்கருவி ஒன்றை வாங்கிக்கொண்டேன். அந்தப் பயணத்தில் கற்றவற்றையே இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

எளிய கருவி என்பது குறையன்று

1900ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனம் 'பிரவுனி' என்ற பெட்டிக் கருவியை ஒரு டாலருக்கு விற்கத் தொடங்கியது. சாதாரண மக்கள் கையிலும் படக்கருவி வந்தது அதன் பிறகுதான். ஃபியூஜி நிறுவனம் 1986இல் ஒரு முறைப் பயன்பாட்டுக் கருவியை அறிமுகப்படுத்தியது. இன்றும் கிடைக்கும் இவ்வகைக் கருவியில் திருகுவதற்கு எதுவுமில்லை. ஒளி புகும் துளையின் அளவு மாறாது. கதவு திறந்து மூடும் நேரமும் ஏறக்குறைய 1/140 வினாடி என்று நிலையானது. துளை சிறியதாக இருப்பதால் ஒரு மீட்டருக்கு அப்பால் உள்ளவை எல்லாம் ஓரளவு தெளிவாக விழும். அதைவிடக் கிட்டே போனால் மங்கிவிடும். பிளாஷ் வெளிச்சம் மூன்று மீட்டர் வரைதான் எட்டும்.

தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கவும் வழியில்லை. நாம்தான் நடந்து கிட்டே போக வேண்டும். கைப்பேசித் திரையில் இரு விரலால் விரித்துப் பெரிதாக்கும்போதும் பெரும்பாலும் படத்தின் நடுப்பகுதி வெட்டி ஊதப்படுகிறதே தவிர, புதிதாக எதுவும் தெரிவதில்லை. நான்கு அடி முன்னே நடந்தால் தெரியும்.

நம் நாட்டு வெளிச்சம்

மேலைநாட்டு நூல்கள் மாலைப் பொன்னொளியைப் பற்றி நிறையச் சொல்கின்றன. நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிறோம். இங்கே கதிரவன் ஏறக்குறைய நேராக மேலே ஏறி, நேராகவே இறங்குகிறது. எனவே மென்மையான வெளிச்சம் விரைவில் போய்விடும். காலை ஏழரை முதல் எட்டரை வரை, மாலை ஆறு முதல் ஏழு வரை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். நண்பகலில் வெயில் உச்சந்தலையில் விழுவதால் முகத்தில் கண்கள் இரண்டும் கருங்குழிகளாகத் தெரியும்.

அப்படியானால் நண்பகலில் என்ன செய்வது? ஜோர்ஜ்டவுன் கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதைக்குள் நுழையுங்கள். அங்கே நேர்வெயில் விழாது. சாலையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பக்கவாட்டில் மென்மையாக வரும். லெபோ பாசாரில் பூ கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவை நான் எடுத்தது பகல் ஒரு மணிக்கு, இப்படிப்பட்ட நிழலில்தான்.

இன்னொன்று. குளிர்சாதன வண்டியிலிருந்து இறங்கியவுடன் படம் எடுக்காதீர்கள். வெளியே உள்ள ஈரக்காற்று பட்டுக் கண்ணாடி வில்லையில் பனி படியும். கருவியைப் பைக்குள்ளேயே சற்று நேரம் வைத்திருந்து பிறகு எடுங்கள்.

நின்று பார்த்தல்

பிரெஞ்சுப் படக்கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெசோன் (1908-2004) பெரும்பாலும் ஒரு சிறிய லைக்கா கருவியையும் 50 மில்லிமீட்டர் வில்லையையுமே பயன்படுத்தினார். கருவியை மாற்றுவதைவிட நல்ல இடத்தில் நின்று உரிய கணத்திற்காகக் காத்திருப்பதே அவர் பலம்.

லெபோ ஆர்மேனியனில், எர்னஸ்ட் சக்காரெவிச் 2012இல் வரைந்த மிதிவண்டிச் சிறுவர் ஓவியத்தின் முன் எப்போதும் ஒரு வரிசை நிற்கும். முதல் பயணத்தில் நானும் அவ்வரிசையில் நின்று எல்லாரையும் போலவே கை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டேன். இம்முறை ஓவியத்திற்கு முதுகைக் காட்டி நின்று, வெயிலில் காத்திருந்த மனிதர்களை எடுத்தேன். அயர்ந்து தந்தையின் தோளில் சாய்ந்திருந்த குழந்தை எனக்குக் கிடைத்தது.

27தான் என்னும்போது ஒவ்வொரு படத்திற்கும் ஒரு கேள்வி எழுகிறது: இதை ஏன் எடுக்கிறேன்? 1833இல் கட்டப்பட்ட குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலில் கோபுரத்தை எடுக்கப் போனேன். பாட்டி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோபுரத்தை விட்டுவிட்டு அந்தக் கையை எடுத்தேன்.

கேட்டு எடுத்தல்

மனிதர்களை எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். "படம் எடுக்கலாமாம்மா?" என்றதும் பூக்கார அம்மா கூந்தலைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவசரப்படாமல் நின்றேன். பேச்சுக் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் என்னை மறந்து மீண்டும் பூ கட்டத் தொடங்கினார். வேண்டாம் என்றால் கும்பிட்டு நகர்ந்துவிடுங்கள். வழிபடுவோரையும் துக்கத்தில் இருப்போரையும் எடுக்காமல் இருப்பதே பண்பு.

நாளைக்கு என்று தள்ளாதீர்கள்

பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறியபோது, "கார் ஏத்துற அந்தப் பழைய கப்பல் எங்கே?" என்று பாட்டி கேட்டார். பழைய ஃபெரிகளில் கார் ஏற்றும் சேவை 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு முடிந்தது; இப்போதுள்ளவை 2023 ஆகஸ்டில் வந்தவை. தாத்தாவும் பாட்டியும் எத்தனையோ முறை அந்தப் பழைய ஃபெரியில் கடல் கடந்திருக்கிறார்கள். நானும் சிறு வயதில் போயிருக்கிறேன். எங்கள் வீட்டில் அதன் படம் ஒன்றுகூட இல்லை. எப்போதும் இருக்கும் என்று நினைத்ததால் யாரும் எடுக்கவில்லை.

படச்சுருளைக் கழுவி வாங்கியபோது 27இல் 9 வீண். சிலவற்றில் என் கட்டைவிரல். சிலவற்றில் பிளாஷ் போட மறந்த இருட்டு. மீதி 18 படங்களின் பின்புறமும் இடம், நாள், யார் என்று பென்சிலால் எழுதினேன். பாட்டி சொல்லச் சொல்லத்தான் எழுதினேன். படத்தைவிட அந்தக் குறிப்புகள் நீளமாகிவிட்டன. தாத்தா எந்தப் படித்துறையில் வேலை பார்த்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒரு படத்தில் பாட்டி ஃபெரியின் ஓரத்தில் அமர்ந்து, என்னைப் பாராமல் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தவர், "நாளைக்கு எனக்கு மாலை போடுறப்ப இதையே மாட்டு. அட்டைப் படத்த மாட்டிடாதே" என்றார்.

"பேசாம இருங்க பாட்டி" என்று அதட்டிவிட்டேன். ஆனாலும் அப்படத்தின் நெகட்டிவைத் தனி உறையிலிட்டுப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

நண்பர்களே, அடுத்த விடுமுறையில் ஊர் திரும்பும்போது கைப்பேசியே இருந்தாலும் 27 படங்கள் என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்றையாவது உங்கள் வீட்டு மூத்தவர்களுக்கென ஒதுக்குங்கள். அவர்கள் கருவியைப் பார்க்காத நேரத்தில் எடுங்கள்.