பிள்ளைகளுக்குப் புதையல் வேட்டை

ஒக்டோபர் 1ஆம் திகதி சிறுவர் தினம். ஓட்டப் போட்டி, சங்கீதக் கதிரை என்று தோட்டங்களில் ஏதாவது நடக்கும். வேகமாக ஓடுகிற பிள்ளை பரிசைக் கொண்டு போகும், மற்றதுகள் கை தட்டிவிட்டு வீட்டுக்கு வரும். புதையல் வேட்டையில் குறிப்பை வாசிக்க ஒருவர், யோசிக்க ஒருவர், தேடிப் பார்க்க ஒருவர் என்று எல்லாப் பிள்ளைக்கும் வேலை இருக்கிறது. பழைய கொப்பித் தாளும் இரண்டு நிறப் பென்சிலும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

பெற்றோர்களே, முதலில் இடத்தைப் பாருங்கள். தேடுகிற அவசரத்தில் பிள்ளை கண்ட கண்ட இடத்திலெல்லாம் கையை விடும். அதனால் முதல் நாளே பெரியவர்கள் இரண்டு பேர் நடந்து பார்த்துவிட வேண்டும். தேயிலை மலைக்குள் வேண்டவே வேண்டாம். குளவி கலைந்தால் என்ன நடக்கும் என்று மலைக்குப் போகிற நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விறகு அடுக்கு, கல் இடுக்கு, பொந்து எதிலும் பாம்பு கிடக்கலாம். மருந்து வைக்கும் அறை, பெரிய கான், வாகனம் ஓடும் ரோட்டு, இவற்றின் பக்கமும் போகக் கூடாது. லயத்து வாசல், பிள்ளைக்காம்பிரா, கோயில், கொழுந்து நிறுக்கும் மடுவம், விளையாட்டு மைதானம், இவ்வளவும் போதும். தாளின் நுனி வெளியில் தெரியட்டும். பிள்ளை கையை உள்ளே விடாமலே எடுக்க வேண்டும். புதையலுக்கு பிஸ்கட் டின் நல்லது. களைமருந்து வந்த கேனை எத்தனை தரம் கழுவினாலும் இதற்கு எடுக்க வேண்டாம்.

குறிப்புகளைக் கடைசியில் இருந்து எழுதிக்கொண்டு வந்தால் குழப்பம் வராது. புதையல் பிள்ளைக்காம்பிராவில் என்றால், அதைச் சொல்லும் தாள் 5ஆம் இடத்தில் இருக்கும்; 5ஆம் இடத்தைச் சொல்லும் தாள் 4ஆம் இடத்தில். முதல் தாளை மட்டும் கையில் கொடுக்கிறோம். பிள்ளைகள் தினமும் பார்க்கிற பொருளை வைத்தே விடுகதை கட்டலாம். உதாரணத்துக்கு ஒன்று:

"அம்மா கொண்டுவரும் கொழுந்தைத் தினமும் தூக்கிப் பார்ப்பேன். கனத்தைச் சொல்வேன், களைப்பைச் சொல்ல மாட்டேன். நான் யார்?"

தராசு என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும், எடுக்கட்டும். பக்கத்தில் நிற்கிற அப்பா, "அந்தா அங்கதான்டா, ஓடு!" என்று கத்தினால் விளையாட்டு முடிந்தது.

இரண்டு குழு என்றால் ஒன்றின் பின்னால் மற்றது ஓடும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. நீலக் குழு 1, 2, 3, 4, 5 என்று போகட்டும்; சிவப்புக் குழு 3, 4, 5, 1, 2 என்று போகட்டும். இரண்டும் முடிவது பிள்ளைக்காம்பிராவில்தான். தாளின் மூலையில் நிறம் தீட்டி, அடுத்த குழுவின் தாளைத் தொடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு குழுவுக்கு ஐந்தாறு பேர் கணக்கு. வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றாவது இருக்க வேண்டும், கூடவே ஒரு பெரியவரும் போக வேண்டும். நாலு வயதுக்காரருக்கு எழுத்து வேண்டாம், தண்ணீர்ப் பைப், கோயில் மணி என்று படம் கீறிக் கொடுங்கள்.

புதையல் பங்கு போடக் கூடியதாக இருக்கட்டும். முதலில் வந்தவருக்கு மட்டும் என்று வைத்தால் மறுபடியும் ஓட்டப் போட்டிதான் நடக்கும். ஆளுக்கு ஒரு பென்சில், ஒரு பழம் போதும். மாத்திரை மாதிரி இருக்கிற டொபியைத் தேடி எடுக்கப் பழக்குவது எங்களுக்குப் பிடிக்கவில்லை.

ஒக்டோபரில் பின்னேரத்தில் இடி மழை வரும், காலை 9 மணிக்கே தொடங்குங்கள். தாள்களை அன்று காலையில்தான் வைக்க வேண்டும், முதல் நாள் வைத்தால் ஆடு தின்றுவிடும். ஒரு பிரதி கையில் இருக்கட்டும். முடிந்ததும் டின்னைத் திறக்கும் முன்பு பெயர்ப் பட்டியலை வைத்துப் பிள்ளைகளை எண்ணுங்கள். ஒரு தலை குறைந்தாலும் டின்னைத் திறக்க வேண்டாம், முதலில் அந்தப் பிள்ளையைத் தேடிக் கூட்டி வாருங்கள்.