வீட்டுக் கல்லுக்கு ஏற்ற மேற்பரப்பு

அம்மி தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் அதில் மிளகாய் மசியாது. உடனே கல்தச்சரை அழைத்துக் கொத்துவித்துக்கொள்வது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். அதே வீட்டின் திண்ணைக் கல்லை எவரும் கொத்துவிப்பதில்லை. அது வழவழப்பாக இருப்பதையே விரும்புகிறோம். கல் ஒன்றேயாயினும் பயன் வேறு. ஆகவே மேற்பரப்பும் வேறு. இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். புதுவீடு கட்டுகையில் மட்டும் நாம் இதனை மறந்து, எது மிகுதியாகப் பளபளக்கிறதோ அதையே வாங்கி எங்கும் பதித்துவிடுகிறோம். ஈரத் தரையில் முதியவர் ஒருவர் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட பின்னரே பிழை புலப்படுகிறது. பதித்த கல்லைப் பெயர்ப்பதோ பெருஞ்செலவு.

கல்லின் இயல்பை அறிதல்

தெள்ளாறு வட்டாரத்திற்குக் கல்வேலை புதிதன்று. மூன்றாம் நந்திவர்மன் 9ஆம் நூற்றாண்டில் தெள்ளாற்றுப் போரில் வெற்றி பெறுவதற்கு இரு நூற்றாண்டுகள் முன்னரே, தேசூரை அடுத்த சீயமங்கலத்தில் முதலாம் மகேந்திரவர்மன் கடினப் பாறையைக் குடைந்து கோயில் அமைத்தான். அது இன்றும் நிலைத்து நிற்கிறது. 8ஆம் நூற்றாண்டில் இராசசிம்மன் எடுப்பித்த காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் பெரும்பகுதி மணற்கல்லால் ஆனது. அதன் சிற்பங்கள் பல காற்றாலும் மழையாலும் அரிக்கப்பட்டுள்ளன. எனவே, கல் இன்னதென்று அறிந்த பின்னரே அதன் மேற்பரப்பைப் பற்றி எண்ணுதல் வேண்டும்.

நம் வீடுகளுக்கு வரும் கற்களைப் பொதுவாக இரு வகையாகப் பிரிக்கலாம். கருங்கல்லும் கிரானைட்டும் கடினமானவை; புளி, எலுமிச்சை ஆகியவற்றின் புளிப்பு இவற்றை எளிதில் தாக்காது. கடப்பைக் கல்லும் சலவைக் கல்லும் சுண்ணாம்பு இனத்தைச் சேர்ந்தவை. புளிப்புப் பட்டால் மெருகு மங்கித் தழும்பு விழும். வாங்கும் முன் ஒரு துண்டுக் கல்லில் எலுமிச்சைச் சாற்றைச் சிறிது விட்டு, கால்மணி நேரம் கழித்துத் துடைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

மேற்பரப்பு வகைகள்

முதலாவது, உளியால் கொத்திய பரப்பு. இது காலுக்கு நல்ல பிடிப்பைத் தரும். இரண்டாவது, நெருப்பில் வாட்டிய பரப்பு. கடுஞ்சூட்டில் கிரானைட்டின் மேல்துகள்கள் வெடித்து உதிர, சொரசொரப்பு உண்டாகிறது. ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் கனமேனும் உள்ள கல்லுக்கே இது ஏற்றது. சுண்ணாம்பினக் கற்களுக்கு ஏற்றதன்று. மூன்றாவது, மட்டமாகத் தேய்த்து, மெருகேற்றாமல் விட்ட பரப்பு. நான்காவது, கண்ணாடிபோல் மெருகேற்றிய பரப்பு.

எவ்விடத்திற்கு எது?

குளியலறை, கிணற்றடி, புறக்கடை, வாயிற்படி ஆகிய இடங்களில் தண்ணீரும் சோப்பும் எப்போதும் இருக்கும். அங்கு மெருகேற்றிய கல்லை அறவே தவிர்த்தல் வேண்டும். கொத்திய அல்லது வாட்டிய பரப்பே பாதுகாப்பானது. ஆயினும் கொத்து ஆழமாக இருப்பின் அழுக்குத் தங்கிப் பாசி பிடிக்கும், பாசியும் வழுக்கும். ஆகவே கொத்து மென்மையாக இருக்கட்டும். நீர் தேங்காமல் ஓடத் தரை சற்றே சரிந்திருக்கட்டும். வாரம் ஒருமுறை துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுக.

சமையல் மேடைக்கு மெருகேற்றிய கிரானைட் பொருந்தும். அதில் கறை எளிதில் படியாது, துடைப்பதும் எளிது. கடப்பைக் கல்லே இருக்குமாயின் மனம் தளர வேண்டுவதில்லை. புளிக்கரைசல் சிந்தியவுடன் துடைத்துவிடுக. எக்காரணம் கொண்டும் அமிலம் ஊற்றிக் கழுவலாகாது.

ஆரணிப் பக்கத்து ஊர்களில் தறியும் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் வாழ்வதுண்டு. பட்டு இழை சொரசொரப்பில் சிக்கும். எண்ணெயோ மெழுகோ தடவிய தரையில் பட்டால் கறை ஏற்கும். ஆதலின் தறி நிற்கும் அறைக்கு மட்டமாகத் தேய்த்த, மெருகற்ற கல் நன்று. கூடத்திற்கும் திண்ணைக்கும்கூட இதுவே போதுமானது. மெருகு விரும்புவோர் நீர் படாத உள்ளறைகளில் மட்டும் அதனை இட்டுக்கொள்ளலாம்.

பூச்சு பற்றிய தவறான எண்ணம்

மெருகேற்றினால் கல் நீரை உறிஞ்சாது என்று பலர் நம்புகின்றனர். இது முழு உண்மையன்று. கல்லின் மீது சில துளி நீர் விட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் அவ்விடம் கறுத்தால் கல் உறிஞ்சுகிறது என்பது பொருள். அத்தகைய கல்லுக்குக் கடைகளில் கிடைக்கும் ஊடுருவும் காப்புப் பூச்சு உதவும். அது கறை இறங்குவதைத் தாமதப்படுத்துமேயன்றிப் புளிப்பின் தாக்குதலைத் தடுக்காது. உரிய காலத்தில் புதுப்பித்தலும் வேண்டும். தரைக்குக் கீழிருந்து ஏறும் ஈரத்தை எப்பூச்சும் நிறுத்தாது. அதற்கு அடித்தளத்திலேயே ஈரத்தடுப்பு அமைத்தல் வேண்டும்.

உழைப்பாளரின் நலம்

கல்லை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் எழும் நுண்துகள் நுரையீரலில் படிந்து, தீராத நோயை விளைவிக்கும். ‘சிலிக்கோசிஸ்’ எனப்படும் இந்நோய், 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருந்தது. எனவே தண்ணீர் விட்டு ஈரமாக அறுக்கச் செய்க. வேலை செய்வோர் தக்க முகக்கவசம் அணிக. குழந்தைகளை அவ்விடத்திற்கு அனுப்பாதிருங்கள். நம் தரை பளபளப்பதற்காக ஒருவர் தம் மூச்சை இழத்தல் தகாது.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு

குழாயடி மேடை, அங்கன்வாடி, சமுதாயக் கூடம் முதலியன கட்டும்போது மதிப்பீட்டில் ‘கல் தளம்’ என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த இடத்திற்கு எந்தக் கல், எந்த மேற்பரப்பு என்பதைத் தனித்தனியே குறித்தல் வேண்டும். மாதிரிக் கல் ஒன்றைப் பெற்று, அதன்மீது சோப்பு நீர் ஊற்றி, பக்கத்தில் ஒருவர் கைப்பிடித்திருக்க, வெறுங்காலால் மிதித்துப் பாருங்கள். தேர்ந்த மாதிரியில் கையொப்பமிட்டு, வேலை முடியும்வரை ஊராட்சி அலுவலகத்தில் வைத்திருங்கள். வந்திறங்கும் கல் அதனோடு ஒத்திருந்தால் மட்டுமே பதிக்க இசைவு தருக.

குடம் சுமந்து வரும் பெண்ணும், கோலூன்றி வரும் முதியவரும், ஓடிவரும் குழந்தையும் அச்சமின்றிக் கால் வைக்கக்கூடிய தரையே நல்ல தரை. அழகு அதற்கு அடுத்ததே.