கொஞ்சம் வேடிக்கை பார், மகளே

பாகூர்
தவக்காலம், இரண்டாம் வாரம்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. விரல் செபமாலையை நகர்த்துகிறது, மனசு வேறெங்கோ நிற்கிறது. பூசையில் வாய் பதில் சொல்கிறது, நெஞ்சில் ஒன்றும் அசைவதில்லை. இந்த நிலையில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துவது பொய் சொல்வதுபோல் இருக்கிறது, விட்டுவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். விடாதே அம்மா. விசுவாசம் போய்விட்டதோ என்றும் பயப்படாதே. பசி எடுக்கிறது என்றாலே உயிர் இருக்கிறது.

உனக்கு வந்திருப்பது அசதி. பீடத்துக்குப் பூ, அன்பியக் கூட்டம், பாடல் ஒத்திகை, மறைக்கல்வித் தேர்வுத்தாள் என்று எத்தனை வருஷமாக ஓடுகிறாய். ஆண்டவருடைய வேலையைச் செய்து செய்து, ஆண்டவர் செய்திருக்கும் வேலையை நின்று பார்க்க உனக்கு நேரமே இல்லாமல் போயிற்று. என் மனதில் படுவது இதுதான். ஆச்சரியப்படத் தெரியாதவனுக்கு ஆராதனை கடமையாகத்தான் இருக்கும்.

வில்லியனூரில் பிறந்து வளர்ந்தவள் நீ. லூர்து மாதா கோயில் உனக்குப் பள்ளிக்கூடம் போகிற வழி. அதனாலேயே அதை நீ பார்ப்பதில்லை. அந்தக் கோயில் எழும்பியது 1876, 77 வாக்கில். சுரூபம் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது. அந்த நாட்களில் பெர்னதெத் உயிரோடு இருந்தார்! அதை என்றைக்காவது நினைத்துப் பார்த்திருக்கிறாயா? 1858 பிப்ரவரி 11-ஆம் தேதி, லூர்தில் விறகு பொறுக்கப் போன இடத்தில் மாதாவைக் கண்ட அந்த 14 வயதுப் பெண்ணுக்கு, நம் ஊருக்கு சுரூபம் வந்தபோது 33 வயது.

அப்போது அவர் எப்படி இருந்தார் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். 18 முறை காட்சி கண்டவர், 1866-இல் லூர்தை விட்டு நெவேர் கன்னியர் மடத்துக்குப் போனார். அதன்பின் ஒருமுறைகூட, மாதாவைக் கண்ட அந்தக் கெபிக்குத் திரும்பவில்லை. மடத்தில் நோயாளிகளைக் கவனித்தார், பூசைப் பொருட்களை எடுத்து வைத்தார், பீடத் துணிகளில் பூவேலை செய்தார். ஆஸ்துமா, முழங்காலில் எலும்புருக்கி. மாதா அவருக்கு மறுபடி காட்சி தரவில்லை. 1879 ஏப்ரலில், 35 வயதில் இறந்துபோனார். உலகமெல்லாம் லூர்துக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், எங்கேயோ இருக்கும் நம் வில்லியனூரில்கூட சனங்கள் கூடிய காலத்தில், அந்த அம்மாள் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தார். உருக்கமான உணர்ச்சி தினமும் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறாயே, அவருக்கே அது தினமும் வரவில்லை.

லூர்தில் அவர் ஊற்றைக் கண்டுபிடித்ததும் அழகான சம்பவமாகவா இருந்தது? அதே 1858 பிப்ரவரி 25-ஆம் தேதி கூட்டத்துக்கு முன்னால் மண்டிபோட்டு, கையால் சேற்றைத் தோண்டி, அந்தக் கலங்கல் தண்ணீரைக் குடித்து, முகமெல்லாம் சேறாக எழுந்து நின்றார். பார்த்தவர்கள் இந்தப் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். தண்ணீர் தெளிந்தது அதற்குப் பிறகுதான். இன்றும் ஓடுகிறது.

ஆகவே உன்னை நான் கொடியேற்றத்துக்கோ தேர்பவனிக்கோ போகச் சொல்லவில்லை. அங்கே உனக்கு வேலைதான் இருக்கும். சாதாரண நாளில், கையில் செபமாலைகூட இல்லாமல் கோயில் குளத்துப் படியில் போய் உட்கார். யார் வருகிறார்கள் என்று பார். மாதாவுக்கு மாலை வாங்கி வருகிறவர்களில் பாதிப்பேர் நம் வேதத்துக்காரர்கள் அல்ல, உனக்கே தெரியும். குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொள்ளும் கிழவியின் முகத்தைப் பார். மறைக்கல்விப் புத்தகத்தில் இல்லாத பாடம் அது.

நீ ஒன்று கேட்பாய் என்று தெரியும். “பெரியப்பா, தண்ணீரைப் பார்த்து ஆச்சரியப்படு என்கிறீர்களே, அந்தத் தண்ணீர்தானே நம்மை அழித்தது?” நியாயமான கேள்வி. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து, புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இரண்டு நாள் கழித்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தபோது பாகூர்ப் பக்கத்து வயலெல்லாம் முங்கியது. கதிர் வரும் நேரத்துப் பயிர் அழுகி நாறியது. அந்த நாற்றத்தில் நின்றுகொண்டு படைப்பின் அழகைப் பேச எனக்கு வாய் வரவில்லை. இப்போதும் அதற்கு ஒரு விளக்கம் சொல்ல மாட்டேன்.

அந்த மாதங்களில் நான் திரும்பத் திரும்பப் படித்தது யோபு ஆகமம். பிள்ளைகளையும் சொத்தையும் பறிகொடுத்தவன் கேள்வி கேட்கிறான். கடவுள் பேசுகிறார், அதுவும் புயலுக்குள்ளிருந்து. 38 முதல் 41 வரை நாலு அதிகாரம். ஏன் பறித்தேன் என்று ஒரு வார்த்தை இல்லை. கடலுக்கு எல்லை வைத்ததையும், பனியையும், மலையாடு குட்டி போடுவதையும், பருந்து பறப்பதையும், தீக்கோழியின் மடத்தனத்தையும் காட்டிக்கொண்டே போகிறார். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள் தத்துவம் பேசினார்கள். கடவுள் அவனை வேடிக்கை பார்க்கச் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் யோபு அமைதியானான். எனக்கு இது முழுசாகப் புரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் துக்கத்தில் இருக்கிறவனுக்கும் ஆச்சரியம் விலக்கப்பட்டதல்ல என்று மட்டும் தெரிந்துகொண்டேன்.

ஒன்று செய். இந்தத் தவக்காலத்தில் ஐம்பத்துமூன்று மணியையும் உருட்டியாக வேண்டும் என்று உன்னைக் கட்டாயப்படுத்திக்கொள்ளாதே. ஒரே ஒரு பத்து மணி போதும், நிதானமாகச் சொல். இரவு படுக்கப் போகும்போது, பொதுவாக “எல்லாவற்றுக்கும் நன்றி” என்று சொல்லாதே. அன்று கண்ணால் கண்ட ஒன்றைப் பெயர் சொல்லி நன்றி சொல். ஊசுட்டேரிக்கு மழைக்காலத்தில் வரும் வாத்துகள் மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வருகின்றன. நம் வில்லியனூருக்குப் பக்கத்து ஏரி என்று அவற்றுக்கு யார் வழி சொன்னது? இப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு ஆண்டவரிடம் பேசு. உணர்ச்சி வந்தால் வரட்டும், வராவிட்டாலும் பேச்சை நிறுத்தாதே.

பிள்ளைகளிடம் நடிக்கவும் வேண்டாம். அவர்களுக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். தெரியாததைத் தெரியாது என்று சொல், அவர்களோடு சேர்ந்து நீயும் பார்.

நம் நவரைப் பயிர் இப்போது கதிர் ஈன்று நிற்கிறது. நெல் பூப்பதை நீ பார்த்திருக்க மாட்டாய், வயலோரம் வளர்ந்தவர்களிலேயே பலர் பார்த்ததில்லை. வெயில் ஏறும் நேரத்தில், ஒன்பது ஒன்பதரைக்கு மேல், உமி இரண்டாகப் பிளந்து ஆறு மகரந்தப் பைகள் வெளியே தொங்கும். ஒரு மணி நேரம் போல் திறந்திருக்கும், பிறகு மூடிக்கொள்ளும். அந்த நெல்மணிக்கு வாழ்நாளில் அவ்வளவுதான். அதற்குள் மகரந்தம் சேர்ந்தால்தான் உள்ளே பால் பிடிக்கும், அரிசியாகும். அன்றாட உணவைத் தாரும் என்று தினமும் கேட்கிறோமே, அந்த உணவு உண்டாகும் நேரம் அது.

வருகிற சனிக்கிழமை உன் மறைக்கல்விப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. பங்குச் சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. ஒன்பது மணிக்கெல்லாம் வரப்பில் இருக்க வேண்டும், வெயிலுக்குத் தொப்பி போட்டுவரச் சொல். பூக்கும் பயிரை யாரும் கையால் அசைக்கக் கூடாது என்று முன்னாலேயே சொல்லி வை. எத்தனை பேர் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் பெரியம்மா கூழும் மோரும் தயார் செய்துவிடுவாள்.

ஆசீரோடு,
உன் பெரியப்பா